தண்ணீர் எங்கே போகிறது?

சென்ற மே மாதம் சேலத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாம்பழத்துக்காகத்தான் போனேன்; அதை மறைப்பானேன்? போன இடத்தில் மாம்பழத்தோடு ஒரு பழைய வேனின் கதையும் கிடைத்தது. பழம் அங்கேயே தீர்ந்து விட்டது. கதை மட்டும் மிச்சமிருக்கிறது. அதை உங்களிடம் சொல்லி விட்டால்தான் எனக்கு நிம்மதி.

"மோட்டார் சமாசாரம் எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது பாதி மோட்டார் கதை. பாதி குக்கர் கதை. தவிர, வண்டி ஓட்டவே தெரியாத ஒரு பெண்மணிதான் இதில் கதாநாயகி.

அத்தையின் வேனுக்கு வயது பதினெட்டு. மாமா ஆசையாக வாங்கியது. அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் விட்டுப் போனவற்றில் இன்றைக்கும் சம்பாதித்துப் போடுவது அந்த வேன் ஒன்றுதான். காலையில் பத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய் விட வேண்டும். சாயங்காலம் திரும்ப அழைத்து வர வேண்டும். பெற்றோர்கள் கொடுக்கும் மாதக் கட்டணத்தில் டிரைவர் சம்பளம் போக, பெட்ரோல் போக, மிச்சத்தில்தான் அத்தையின் குடித்தனம். வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கம்பெனியின் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்பது போகப் போக உங்களுக்கே தெரியும்.

டிரைவர் இருபத்தைந்து வயதுப் பையன். பிள்ளைகளுக்கு அவன் 'வேன் அண்ணா', அத்தைக்குத் 'தம்பி'. மாமா இருந்த காலத்தில் வண்டி கழுவ வந்தவன், அப்படியே ஓட்டக் கற்றுக் கொண்டு, லைசென்ஸ் எடுத்து, வீட்டு மனிதனாகி விட்டான்.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. வேன் சும்மா நிற்கிறது. ஊரிலிருந்து மருமகன் வேறு பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கியிருக்கிறான். சேலத்து வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. "வா கண்ணு, எல்லாரும் ஏற்காட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றாள் அத்தை. புளிசாதம், தயிர்சாதம், வடாம் சகிதம் புறப்பட்டு விட்டோம்.

அடிவாரம் வரையில் ஒரு குறையும் இல்லை. ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 20. ஒவ்வொன்று வரும்போதும் குழந்தைகள் உரக்க எண்ணினார்கள். ஐந்து, ஆறு, ஏழு... எட்டோடு எண்ணிக்கை நின்று விட்டது. ஏதோ இரும்பு காய்கிற மாதிரி ஒரு வாசனை. டிரைவருக்கு எதிரே இருந்த முள் சிவப்புக் கோட்டில் போய்ப் படுத்துக் கொண்டது. முன் ஸீட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

தம்பி வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைக் கொடுத்தான். எங்களையெல்லாம் இறக்கி மர நிழலில் உட்கார வைத்தான். எல்லாம் இரண்டு நிமிஷத்தில்.

நானோ கல்லூரியில் பௌதிகம் படித்தவன். சும்மா இருப்பேனா? "ஒன்றுமில்லை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும். மூடியைத் திறந்து ஊற்றினால் சரியாகி விடும்" என்று சொல்லிக் கையில் துண்டைச் சுற்றிக் கொண்டு கிளம்பினேன்.

"சார், தொடாதீங்க!" என்று அலறியபடி தம்பி ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டான்.

அவன் பிடித்திரா விட்டால் இந்த வாரம் இந்தப் பக்கத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். விசில் அடங்காத குக்கரின் மூடியைப் பலவந்தமாகத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொதிக்கிற ரேடியேட்டரும் அப்படித்தான். உள்ளே அமுக்கத்தில் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த மாத்திரத்தில் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். துண்டெல்லாம் எந்த மூலைக்கு? மோட்டார்க் கடைகளில் முகமும் கையும் வெந்து போனவர்கள் பலரும் என்னைப் போன்ற புத்திசாலிகள்தான்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். புளிசாதம் அங்கேயே தீர்ந்தது. இன்ஜின் ஆறிய பிறகு, தம்பி பின் ஸீட்டுக்கு அடியிலிருந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்தான். நிறையத் தண்ணீர்.

அத்தையின் கண் அந்தக் கேனின் மேல் விழுந்தது. "ஏன் தம்பி, இந்தக் கேன் எப்பவும் வண்டியிலேயே இருக்குமா?" என்று கேட்டாள்.

தம்பி பதில் சொல்லவில்லை. மூடியைத் திருகுவதிலேயே கண்ணாக இருந்தான். அத்தை இன்னொரு தடவை கேட்கவில்லை. அவனையே பார்த்துக் கொண்டு நின்றாள். கடைசியில் அவனாகவே சொன்னான்.

பொங்கலிலிருந்தே தண்ணீர் குறைந்து கொண்டிருக்கிறதாம். முதலில் வாரத்துக்கு ஒரு சொம்பு. பிறகு இரண்டு நாளுக்கு ஒரு சொம்பு. பரீட்சை சமயத்தில் தினம் ஒரு சொம்பு. அத்தை எழுந்து வாசல் தெளிக்கும் முன்பே வந்து, போர்க் குழாயில் பிடித்து ஊற்றி விடுவானாம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கொண்டு போய்க் காட்டியிருக்கிறான். அவர்கள் வண்டியைச் சுற்றிக் கூடப் பார்க்காமல், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இன்ஜினை இறக்கணும். முப்பதாயிரத்துக்குக் குறையாது" என்று சொல்லி விட்டார்களாம்.

"அவ்வளவு செலவுன்னா நீங்க வண்டியை வித்துடுவீங்களோன்னு பயந்துட்டேம்மா" என்றான்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. "மலை எங்கேயும் ஓடிப் போயிடாது. வண்டியைத் திருப்பு" என்றாள். மெல்ல மெல்ல இறங்கி வீடு வந்து சேர்ந்தோம். குழந்தைகளுக்கு ஏற்காடு எட்டாவது வளைவோடு முடிந்தது.

அன்று ராத்திரி நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "பதினெட்டு வருஷ வண்டி அத்தை. வந்த விலைக்குத் தள்ளி விடுங்கள்" என்றேன். பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு இப்படி யோசனை சொல்வது சுலபம்.

"தள்ளிட்டு? ஜூன் மாசம் அந்தப் பத்துப் பிள்ளைங்க எதுல போகும்? தம்பி எங்கே போவான்?" என்றாள் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் எங்கே போவேன்?" என்றாள்.

அதற்கு என் பௌதிகத்தில் பதில் இல்லை.

* * *

படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த ஒரு சமாசாரம் ஞாபகத்துக்கு வந்தது. உங்களுக்கும் பிடிக்கும், கேளுங்கள்.

உலகத்தில் முதன்முதலாக மோட்டார் வண்டியில் நீண்ட தூரப் பிரயாணம் செய்தவர் ஒரு பெண். ஜெர்மனியைச் சேர்ந்த பெர்த்தா பென்ஸ். அவருடைய கணவர் கார்ல் பென்ஸ் 1886-ல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்று விட்டார். ஆனால் அதை வாங்கத்தான் ஆளில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவர் எழுந்திருக்கும் முன்பே, அம்மாள் தம்முடைய இரண்டு பையன்களையும் கூட்டிக் கொண்டு, அந்த வண்டியில் மன்ஹைம் நகரிலிருந்து புறப்பட்டார். எங்கே தெரியுமா? ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தம் தாய் வீட்டுக்கு! தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

வழியெல்லாம் சோதனைதான். பெட்ரோல் பங்க் ஏது? விஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எண்ணெய்க் குழாய் அடைத்துக் கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை தண்ணீர். அந்த வண்டியில் இன்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலம்தான் சூடு தணிந்தது. ஆகவே கிணறு, ஓடை, சாப்பாட்டு விடுதி என்று கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் அம்மாள் சும்மா இருக்கவில்லை. எது எது சரியில்லை என்று கணவரிடம் சொன்னார். மேட்டில் ஏறத் திணறுகிறது, இன்னொரு கியர் வேண்டும் என்றார். அதையும் செய்தார்கள்.

1901-ல் இன்னொரு ஜெர்மானியர், வில்ஹெல்ம் மைபாக், தேன்கூடு மாதிரி ஒரு ரேடியேட்டரைப் பொருத்திய காரை ஓட விட்டார். அதில் 8,070 சின்னஞ்சிறு குழாய்கள். அவற்றின் ஊடே புகுந்து வரும் காற்று தண்ணீரைக் குளிர வைத்தது. குளிர்ந்த தண்ணீர் திரும்ப இன்ஜினுக்கே போயிற்று. அந்தக் காருக்கு வைத்த பெயர் மெர்ஸிடிஸ். அதை வரவழைத்து விற்ற எமில் யெல்லினெக் என்பவரின் பெண்குழந்தையின் பெயர் அது.

இந்தப் பழங்கதையை எதற்குச் சொல்கிறேன்? பெர்த்தா அம்மையார் காலத்தில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது போல அன்றாடக் காரியம். இன்றைய வண்டியில் அப்படி இல்லை. தண்ணீர் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருகிறதே தவிர, செலவாகக் கூடாது. பெட்ரோல் குடிக்கலாம், தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். "பழைய வண்டிதானே, கொஞ்சம் தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்று நாமெல்லாம் சொல்கிறோமே, அது சுத்தத் தப்பு.

* * *

மறுநாள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்தில் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். மாமாவுக்குத் தெரிந்தவர். கண் கொஞ்சம் மங்கி விட்டது, காது கூர்மை என்றார்கள். வண்டியைத் தொடும் முன்பு தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பழைய காலத்து வைத்தியர்கள் கேட்பார்களே, அந்த மாதிரி.

"நின்னுக்கிட்டிருக்கறப்ப சூடாகுதா, ஓடறப்பவா?"

"ஓடறப்ப. அதுவும் மேடு ஏறினாத்தான் ரொம்ப."

"தண்ணி குறையுதுங்கறியே, பக்கத்துல பிளாஸ்டிக் டப்பா இருக்கே, அதுலயா, ரேடியேட்டர்லயா?"

தம்பி யோசித்தான். "டப்பாவில எப்பவும் கழுத்து மட்டம் இருக்குங்க. ரேடியேட்டர்லதான் குறையுது."

பெரியவர் முகத்தில் ஒரு சிரிப்பு. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. "ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும்" என்றார். அடியில் விரிக்கக் காகிதம் கேட்டார். என் கையில் நம் பத்திரிகையின் இதழ் ஒன்று இருந்தது. அதைப் பிரித்துத் தாள் தாளாக வேனுக்கு அடியில் விரித்து விட்டார். தொடர்கதை எல்லாம் போயிற்று. நம் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது என்று ஆசிரியரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் தாளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய்கள் ஊறவில்லை, தண்ணீர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்குமாம், பம்பு கெட்டால் அதன் வழியாகத்தான் கசியுமாம், அதுவும் காய்ந்து கிடந்தது. அப்படியானால் தண்ணீர் நிற்கும்போது போகவில்லை; ஓடும்போது போகிறது.

அடுத்தது, அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்ன பயங்கரம்: ஹெட் கேஸ்கெட். இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் எண்ணெய். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதுதான். அது பிய்ந்தால் அடையாளங்கள் உண்டு. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் கறுப்பாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் காப்பி நிறத்தில் நுரைத்திருக்குமாம். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியை எடுத்து விட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் எரிந்த வாயு உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். குமிழி இல்லை. இன்ஜின் சூடான பிறகும் புகைக் குழாயில் வெண்புகை மண்டவில்லை.

பிறகு கைப்பம்பு ஒன்றை எடுத்து வந்தார். முள் வைத்த பம்பு. மூடி இருக்க வேண்டிய வாயில் அதைத் திருகி, காற்றை அடித்து அமுக்கத்தை ஏற்றினார். முள் 0.9-ல் நின்றது. பீடி ஒன்றைப் பற்ற வைத்துக் கொண்டு உட்கார்ந்து விட்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. முள் அசையவில்லை.

"இன்ஜின்ல கோளாறு இல்லை. குழாய்ல கோளாறு இல்லை. ரேடியேட்டர் ஓட்டை இல்லை" என்று விரல் விட்டு எண்ணினார். "நான் பம்பை மாட்டறப்ப எதைக் கழட்டி வச்சேன்?"

மூடியை! அத்தை அதற்குள் அந்த மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தாள். அடியில் ஒரு ஸ்பிரிங். அதன் கீழே ஒரு கறுப்பு ரப்பர் வளையம்.

"அட, இது குக்கர் கேஸ்கெட்டுல்ல!" என்றாள் அத்தை. நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "விறைச்சுப் போயிருக்குண்ணே. கல்லு மாதிரி இருக்கு. இந்த ஓரத்துல வெடிப்பு வேற. எங்க வீட்டுக் குக்கர்ல இப்படி ஆனா விசிலே வராது. ஓரத்துல புஸ் புஸ்ஸுன்னு ஆவி போயிட்டே இருக்கும். தண்ணி வத்திடும், பருப்பு வேகாது, அடி தீஞ்சு போயிடும்."

பெரியவர் பீடியைக் கீழே போட்டார். "அம்மா, நீங்க இந்தத் தொழிலுக்கு வந்திருந்தா நான் என்னைக்கோ கொட்டகையைப் பிரிச்சிருப்பேன்" என்றார்.

மூடியை அதே பம்பில் மாட்டிப் பார்த்தார். அதன் மேல் 0.9 என்று பொறித்திருந்தது. 0.3 வருவதற்குள் காற்று சீறிக் கொண்டு வெளியேறி விட்டது.

அப்போதுதான் நான் படித்த பௌதிகம் எனக்கே புரிந்தது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கருக்குள் அமுக்கம் ஏறுவதால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. ரேடியேட்டரின் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. 0.9 கிலோ அமுக்கத்தை அது பிடித்து வைத்தால் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி தளர்ந்தால் 100-ஐத் தாண்டியதுமே கொதிக்க ஆரம்பித்து விடும். மலையில் ஏற ஏறக் கொதிநிலை இன்னும் கீழே இறங்கும். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்து விடும். இன்ஜினுக்கோ மேட்டில்தான் வேலை அதிகம், சூடும் அதிகம். ஆகவே ஊருக்குள் மறைந்திருந்த வியாதி மலையில் வெளிப்பட்டது.

டப்பா மட்டும் எப்படி நிறைந்திருந்தது? அதுவும் மூடியின் லீலைதான். சூட்டில் விரிகிற தண்ணீர் மூடியைத் தள்ளிக் கொண்டு டப்பாவுக்குப் போகும். இன்ஜின் ஆறும்போது மூடி அதைத் திரும்ப உறிஞ்சிக் கொள்ள வேண்டும். வெடித்த மூடி தண்ணீருக்குப் பதிலாக வெளிக் காற்றை உறிஞ்சிக் கொண்டது. டப்பா ததும்பித் தெருவில் ஊற்றியது; ரேடியேட்டர் வறண்டது. டப்பாவை மட்டும் எட்டிப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றியது.

மூடியின் விலை சில நூறு ரூபாய். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. பெரியவர் ரேடியேட்டரைக் கையால் தடவிப் பார்த்தார். ஓரிடம் சுட்டது, ஓரிடம் சில்லென்று இருந்தது. கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஐந்து மாதம் ஊற்றிய போர்த் தண்ணீரின் உப்பு, வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிறதே வெள்ளையாக, அந்த மாதிரி குழாய்களில் படிந்திருந்தது. அதைக் கரைத்துக் கழுவினார். வெளிப்பக்கம் அடைத்திருந்த புழுதியையும் பூச்சிகளையும் உட்புறத்திலிருந்து தண்ணீர் அடித்துத் தள்ளினார்.

தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. இன்ஜின் சூடாகும் வரையில் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது அது. சில இடங்களில், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று பிடுங்கி எறிந்து விடுகிறார்கள். அது தப்பு. இன்ஜினுக்கு அதிகச் சூடு போலவே சூடு போதாததும் கெடுதல். அதைச் சோதிக்க அத்தை வீட்டிலிருந்து ஒரு பழைய பாத்திரம் வந்தது. தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தார். கொதிக்கும் முன்பே, 85 டிகிரி சுமாருக்கு, வால்வு வாயைத் திறந்தது. தேவலை என்று திரும்ப மாட்டினார்.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா, அந்த ஒர்க்‌ஷாப்காரன் சொன்னது பலிச்சிருக்கும்" என்றார் பெரியவர். "சூட்டில ஹெட் வளைஞ்சு, கேஸ்கெட் நிஜமாவே போயிருக்கும்."

தம்பி தலை குனிந்து நின்றான். வண்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தினமும் ஒரு சொம்பு ஊற்றியவன் அவன்தான். அந்தச் சொம்புதான் வியாதியை ஐந்து மாதம் மூடி வைத்திருந்தது.

அத்தை அவனைத் திட்டவில்லை. "தெரிஞ்சா வித்துடுவேன்னு பயந்தியே தம்பி. தெரியாமலேயே இருந்திருந்தாத்தான் விக்கும்படி ஆயிருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

* * *

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருக்கலாம். குழந்தைகள் போகிற வேன் இருக்கலாம். பெரியவரிடம் கேட்டு நான் குறித்துக் கொண்டு வந்ததைச் சொல்கிறேன்.

முள் சிவப்பை நோக்கி ஏறினால், "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். நிறுத்த இடமில்லாத சாலையானால், ஏ.ஸி.யை அணையுங்கள், ஹீட்டர் உள்ள வண்டியில் அதை முழுக்கத் திருப்பினால் கொஞ்சம் சூட்டை அது வாங்கிக் கொள்ளும். நமக்கு வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை.

குறைந்தது முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். காய்ந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். சுட்ட தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்தால் சீறுகிறதே, அந்த அதிர்ச்சியில் இரும்பு கூட வெடித்து விடும்.

நின்று கொண்டிருக்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது தணிந்தால் விசிறியைப் பாருங்கள். ஓடும்போதும் மேட்டிலும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, பம்பு, மூடி. தரையில் சொட்டினால் குழாயும் பம்பும். எண்ணெய் பால் காப்பி மாதிரி இருந்தாலோ, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஹெட் கேஸ்கெட்தான். வண்டியை ஓட்டாமல் இழுத்துக் கொண்டு போவதே லாபம். எல்லா வண்டிக்கும் மூடியோடு பிழைப்பு முடிந்து விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடியைப் பார்க்காமல் இன்ஜினை இறக்க வேண்டாம்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது லாரிக்காரர்களின் கை வைத்தியம். நடுவழியில் ஊர் போய்ச் சேர உதவும். ஆனால் ஓட்டையை அடைக்கிற மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஊர் வந்ததும் கழுவி விட வேண்டும்.

பச்சைத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள். "நம்ம ஊர்ல பனியா பெய்யுது?" என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமலும் உப்புப் படியாமலும் காப்பது நமக்கு வேண்டிய வேலை. கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். ஒரே ஒரு எச்சரிக்கை. கூலன்ட் நிறமாகவும் தித்திப்பாகவும் இருக்கும், ஆனால் விஷம். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்து விடும். தரையில் சிந்தியதை நாய் நக்கி விடும். வாங்கிய டப்பாவிலேயே, பூட்டி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வண்டிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். அது டிரைவரானாலும் சரி, பிள்ளையானாலும் சரி, வீட்டுக்காரரானாலும் சரி. கோபமாகக் கேட்காதீர்கள். கோபமாகக் கேட்டால் உண்மை வராது, சொம்புதான் வரும்.

அத்தை அதற்கும் ஒரு வழி செய்து விட்டாள். பால் கணக்கு எழுதுகிற நோட்டு மாதிரி ஒரு நோட்டு வாங்கி வேனில் வைத்திருக்கிறாள். தேதி, ஓடிய தூரம், பெட்ரோல், தண்ணீர் என்று நாலு கட்டம். தினமும் தம்பிதான் எழுத வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து விட்டது. போன வாரம் அத்தை வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பியிருந்தாள். ஒன்று, ஏற்காட்டின் இருபதாவது வளைவில் வேனுக்கு முன்னால் நின்று கொண்டு தம்பி எடுத்துக் கொண்டது. இன்னொன்று அந்த நோட்டின் ஒரு பக்கம். தண்ணீர்க் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை, ஒவ்வொரு தேதிக்கும் நேரே, கோணல் மாணலான எழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.